எண் காட்டும் நியோன் குழல்

கண்ணாடிக் குழலொன்றினுள் பத்து இலக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. மெல்லிய உலோகத்தாலான ஒவ்வோர் இலக்கமும் ஒரு கதோட்டு. அவற்றின் முன்னே நுண்ணிய வலையாக நிற்பது அனோட்டு. குழலினுள் நிறைந்திருப்பது தாழ்ந்த அமுக்கத்திலுள்ள நியோன் வாயு. எந்த இலக்கத்திற்கு மின் செலுத்தப்படுகின்றதோ, அதனைச் சுற்றி மட்டும் செம்மஞ்சள் ஒளி படர்கின்றது. சூடேறி ஒளிரும் இழை இதில் இல்லை. குளிர்ந்த உலோகத்தை ஒட்டிய வாயுவே ஒளிர்கின்றது. இதுவே நிக்சிக் குழல்.

அமெரிக்காவின் பரோஸ் நிறுவனம் 1955இல் இதனை அறிமுகஞ் செய்தது. 1970களில் மலிவான ஒளிகாலும் இருவாயிகள் வந்து இதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. சோவியத் ஆலைகள் 1980களிலும் இவற்றைச் செய்துவந்தன. மணிக்கூடு செய்ய விரும்பும் பொழுதுபோக்காளர் கைக்கு இன்று வருபவற்றிற் பெரும்பகுதி அவ்வாலைகளின் எஞ்சிய சரக்கேயாகும். (அவற்றுட் சிலவற்றில் 2 என்ற இலக்கமே தலைகீழாக்கப்பட்டு 5 ஆக நிற்பதைக் காணலாம், சிக்கனத்திற்கு அது நல்ல சான்று.)

புதிதாகச் செய்யப்பட்ட குழல்களும் உள. செக் குடியரசைச் சேர்ந்த டலிபோர் பார்னி 2012இல் இம்முயற்சியைத் தொடங்கினார். செய்முறை அறிந்த ஆலைகள் மூடப்பட்டுவிட்டமையால், கண்ணாடி வேலை முதல் வாயு நிரப்புதல் வரை அனைத்தையும் அவர் புதிதாகக் கற்கவேண்டியிருந்தது. பழைய கிழக்கு ஜெர்மானியக் குழலொன்றைத் தழுவி அவர் செய்த குழலின் இலக்கங்கள் 50 மில்லிமீற்றர் உயரமுடையன. இத்தகைய குழலின் விலை பழஞ்சரக்கினதிலும் பன்மடங்கு. விலையேற்றத்தின் காரணம் உலோகமன்று, கைவேலையே. கண்ணாடியும் அதனூடு செல்லும் கம்பியும் சூட்டில் ஒரே அளவாக விரியாவிடின் இணைப்பில் வெடிப்புண்டாகும்; காற்று சிறிதளவு புகுந்தாலும் குழல் பாழாகும்.

எக்குழலை வாங்கினும் பத்து இலக்கங்களையும் ஏற்றிக் காட்டச் சொல்வது நன்று. ஒளி இலக்கம் முழுவதையும் போர்த்தவேண்டும். இடையே இருண்ட துண்டுகள் தெரிந்தால் அக்கதோட்டு நலிந்துள்ளது எனலாம்.

இக்குழல் ஒளிரத் தொடங்க ஏறத்தாழ 170 வோல்ற்று வேண்டும். ஒளிர்ந்தபின் குழலின் வோல்ற்றளவு 140 அளவிற்கு இறங்கிவிடும். மின்னோட்டமோ தடையின்றேல் கட்டுமீறி ஏறும். ஆகவே அனோட்டுடன் ஒரு தடையைத் தொடராக இணைப்பது இன்றியமையாதது. வழங்கல் 180 வோல்ற்று, சிறு குழலுக்குரிய ஓட்டம் 2.5 மில்லியம்பியர் எனின், எஞ்சும் 40 வோல்ற்றை ஏற்க 16,000 ஓம் தடை வேண்டும். பெரிய குழல்களுக்குக் கூடிய ஓட்டம் தேவை. செய்தவர் தரும் அளவையே பின்பற்றவேண்டும்.

மணிக்கூட்டில் இன்னொரு கேடும் உண்டு. மணியின் பத்தாமிடக் குழலில் 0, 1, 2 ஆகியவையே ஒளிரும். ஒளிரும் கதோட்டிலிருந்து சிதறும் உலோகத்துகள் ஓய்ந்திருக்கும் ஏனைய இலக்கங்களிற் படிந்து அவற்றைக் கெடுக்கும். வாயுவுடன் சிறிது பாதரசம் சேர்ப்பதால் இச்சிதறல் குறையும். எனினும் நாள்தோறும் சில நிமிடங்கள் எல்லா இலக்கங்களையும் மாறிமாறி ஒளிரச் செய்யுமாறு சுற்றை அமைப்பதே வழக்கம்.

மின்கலத்தில் இயங்கும் விளையாட்டுச் சுற்றுகளிற் பழகிய கை இங்கு எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். 180 வோல்ற்று உயிரைப் பறிக்க வல்லது. ஆளியை நிறுத்திய பின்னரும் ஒடுக்கிகளில் மின்னேற்றம் தங்கி நிற்குமாதலின், அவை இறங்கப் பொருத்தமான தடையொன்றை அவற்றின் குறுக்கே நிலையாக இணைத்து, மானியாற் சோதித்த பின்னரே சுற்றினுட் கைவைத்தல் தகும்.