ஐந்து விநாடி மௌனம்

வீட்டில் வைஃபை சிக்னல் முழுதாக இருக்கிறது. ஓடத் தொடங்கிய வீடியோ தடங்கலின்றி ஓடுகிறது. ஆனால் புதிதாக ஒரு தளத்தைத் திறந்தால் மட்டும் திரை சில விநாடி வெள்ளையாக நிற்கிறது. பிறகு பக்கம் மொத்தமும் சட்டென்று வந்துவிடுகிறது. இப்படியானால் இணைய வேகத்துக்கு அதிகப் பணம் கட்டிப் பெரிதாகப் பயன் இருக்காது. பெரும்பாலும் கோளாறு பெயர் தேடும் இடத்தில்தான்.

தளத்தின் பெயர் நமக்கு. கணினிக்கு வேண்டியது எண் முகவரி. இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே கோப்பில் இருந்தன. அது கட்டுக்கடங்காமல் வளரவே, 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ் முறையை வடிவமைத்தார். அதன் அழகே, முழுப் பட்டியல் யாரிடமும் இல்லை என்பதுதான். விக்கிப்பீடியா எங்கே என்று கேட்டால், மூல சர்வர் 'ஆர்க்' பெயர்களுக்குப் பொறுப்பான சர்வரைக் கை காட்டும். அது விக்கிப்பீடியாவின் சர்வரைக் காட்டும். எண் அங்கேதான் கிடைக்கும். கிடைத்த விடையைக் கொஞ்ச காலம் நினைவில் வைத்துக்கொள்வதால் ஒவ்வொரு முறையும் இத்தனை அலைச்சல் இல்லை.

லினக்ஸிலோ மேக்கிலோ டெர்மினலைத் திறந்து 'டிக்' கட்டளையுடன் ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். விடைக்குக் கீழே, தேட எடுத்த நேரம் மில்லிவிநாடியில் வரும். முதல் முறை 80 என்று வந்தது, உடனே மறுபடி கேட்டால் 2, 3 என்று இறங்கியிருக்கும்.

அப்படியானால் சில வீடுகளில் 5 விநாடி ஆவது எப்படி? கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. 5 விநாடியில் பூமியை 25 முறை சுற்றிவிடலாம். ஆகவே இதற்குத் தூரம் காரணமே அல்ல. டிஎன்எஸ் கேள்வி பெரும்பாலும் யுடிபி முறையில் போகிறது. வழியில் தொலைந்தால் தொலைந்தது என்று சொல்ல ஆளில்லை. கேட்ட கணினி பதிலுக்காகக் காத்திருக்கும். லினக்ஸ் இயல்பாகக் காத்திருக்கும் நேரம் 5 விநாடி! அதன் பிறகே அடுத்த சர்வரைக் கேட்கும். நாம் மந்தம் என்று நினைப்பது, வராத பதிலுக்கான காத்திருப்பு.

பதிலளிக்காதது எது என்று கண்டுபிடிக்க, அதே கட்டளையில் '@' குறியுடன் ரவுட்டரின் முகவரியைச் சேர்த்துக் கேளுங்கள், அடுத்து 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்ற வெளி சர்வரின் முகவரியைக் கொடுத்துக் கேளுங்கள். வெளி சர்வர் உடனே பதில் தந்து ரவுட்டர் திணறினால், ரவுட்டர் அமைப்பில் உள்ள டிஎன்எஸ் முகவரிகளைப் பாருங்கள். செயலிழந்த பழைய சர்வர் ஒன்று பட்டியலில் முதலில் உட்கார்ந்திருக்கலாம். இன்னொரு கோளாறு கண்ணில் படுவது கடினம்: கணினி ஐபிவி4, ஐபிவி6 முகவரிகள் இரண்டையும் சேர்த்தே கேட்கும், சில மலிவு ரவுட்டர்கள் ஒன்றுக்குப் பதில் தந்துவிட்டு மற்றதை விட்டுவிடும். லினக்ஸின் 'ரிசால்வ்.கான்ஃப்' கோப்பில் 'சிங்கிள்-ரிக்வெஸ்ட்' என்ற விருப்பத்தைச் சேர்த்தால், கணினி கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும்; அந்த ரவுட்டரே இரண்டுக்கும் பதில் தந்துவிடும்.