இரண்டரை நொடிக்குள் எத்தனை பேர்?

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிபவரின் கையில் அது தங்கும் காலம் இரண்டரை நொடி; மிஞ்சினால் மூன்று. குவார்ட்டர்பேக் எனப்படும் அந்த எறிவாளர் அதற்குள் களத்தை நோக்கி, ஆளைத் தேர்ந்து, எறிந்து முடித்திருக்க வேண்டும். தவறினால், நூற்றிருபது கிலோவுக்கு மேல் எடையுள்ள எதிரணியினர் ஒருவரோ இருவரோ அவரை மண்ணில் சாய்ப்பர். இந்தச் சிறு பொழுதைப் பற்றி ஆர்வலர்கள் அதிகம் பேசுவதில்லை. அவர்கள் ஆண்டு முழுதும் வழக்காடுவது வேறொன்றை: எறிந்த பந்தை ஏற்க நம் அணியில் எத்தனை பேர் உள்ளனர், அவருள் தலைவர் யார், அவர் காலொடிந்து அமர்ந்தால் அடுத்தவர் யார்? ஆரோஹெட் அரங்கின் வண்டி நிறுத்துமிடத்தில், இறைச்சி சுடும் புகையினூடே, கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணியினர் பற்றி நடக்கும் இவ்வழக்கு 2022 மார்ச் 23 அன்று உச்சம் தொட்டது. அன்றுதான் அவ்வணி தன் பந்தேற்பவர் டைரீக் ஹில்லை மயாமி டால்பின்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டது.

ஆட்டத்தின் அமைப்பைச் சுருங்கச் சொல்லிவிடலாம். களத்தின் நீளம் 100 கெஜம். அகலம் 53 கெஜத்துக்குச் சற்று மேல், அதாவது ஏறத்தாழ 49 மீட்டர். அணிக்கு 11 பேர். நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேறினால் பந்து தங்கும்; இன்றேல் எதிரணிக்குப் போகும். பந்தை முன்னோக்கி எறிவது தொடக்கத்தில் குற்றமாகவே இருந்தது. வீரர்கள் கூட்டமாக மோதி உயிரிழப்பது பெருகியதால் 1905ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ரூசவெல்ட்டே பல்கலைக்கழகத்தாரை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். மறு ஆண்டு வந்த விதி மாற்றங்களுள் ஒன்றே முன்னெறிதல். உயிர் காக்க வந்த விதி ஆட்டத்தின் உயிராகவே ஆகிவிட்டது. தாக்கும் அணியில் எழுவர் கோட்டின்மேல் நிற்க வேண்டும். அவ்வரிசையின் இரு முனைகளில் இருப்போரும் வரிசைக்குப் பின் நிற்போருமே எறிந்த பந்தை ஏற்கலாம். எறிவாளரைக் கழித்தால் எஞ்சுவோர் ஐவர். எத்தனை வல்லவரை அணி சேர்த்து வைத்தாலும், ஒரு நேரத்தில் பந்தேற்க ஓடுவோர் ஐவருக்கு மேற்படார்.

ஹில்லின் சிறப்பு அவரது விரைவு. வீரர்களின் தோளணியில் பொருத்தப்படும் வானலைச் சில்லு, நொடிக்குப் பத்து முறை அவர்கள் நிற்குமிடத்தைக் குறிக்கிறது. 2016இல் அது ஹில்லின் உச்ச விரைவை மணிக்கு 23.24 மைல் என்று பதிந்தது. ஏறத்தாழ 37 கிலோமீட்டர். முழுக் காப்புடையும் தலைக்கவசமும் அணிந்து ஓடியபோது கிட்டிய அளவு இது. இத்தகையவர் களத்தில் இருந்தால் எதிரணியின் கடைக்காவலர் இருவர் பல கெஜம் பின்வாங்கி நின்றாக வேண்டும். அவர் பந்தைத் தொடாத முயற்சியிலும் பிறருக்கு இடம் திறக்கும். 2021 பருவத்தில் அவர் 111 பந்துகளைப் பற்றினார். அவரைக் கொடுத்ததற்கு ஈடாகச் சீஃப்ஸ் பெற்றவை புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஐந்து வாய்ப்புகள். மயாமியோ அவருக்கு நான்காண்டுகளுக்கு 12 கோடி டாலர் ஒப்பந்தம் எழுதியது. அவ்வாண்டு ஓர் அணி தன் வீரர் அனைவருக்கும் சேர்த்துச் செலவிடக்கூடிய உச்சவரம்பு 20.82 கோடி டாலர் என்பதை நினைத்தால், ஆண்டுச் சராசரியில் ஒருவருக்கே ஏழில் ஒரு பங்கு என்றாகிறது.

ஆர்வலர் இரு கட்சியாயினர். எதிரணிக்கு அச்சமூட்டும் ஒருவர் போனபின், எஞ்சிய முதன்மைப் பந்தேற்பவர் டிராவிஸ் கெல்சியைச் சூழ்ந்து மறித்தால் போதும், ஆட்டம் முடிந்தது என்றது ஒரு கட்சி. ஒருவர் விலைக்கு மூவரை வாங்கலாம், அணியின் எறிவாளர் பேட்ரிக் மஹோம்ஸ் எறிந்தால் யாரும் பிடிப்பர் என்றது மறு கட்சி. எண்கள் இரு கட்சியையும் மாறி மாறி ஏமாற்றின. ஹில் இருந்த 2021 பருவத்தில் அணி ஈட்டியது 480 புள்ளி. அவர் இல்லாத 2022இல் 496 புள்ளி. அது கூட்டமைப்பிலேயே முதலிடம். முடிவில் கோப்பையும் கிட்டியது. இரண்டாம் கட்சி வென்றதாகக் கொண்டாடிய மறு பருவத்தில் எண்ணிக்கை 371 ஆகச் சரிந்தது. நவம்பர் 20 அன்று ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்கு எதிரான ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில், வெற்றியைத் தந்திருக்கக்கூடிய நெடும்பந்தொன்று சீஃப்ஸ் பந்தேற்பவர் மார்க்கஸ் வால்டெஸ்-ஸ்கான்ட்லிங்கின் கையில் பட்டு நழுவியது. 17-21 எனத் தோல்வி. முதல் கட்சி தலைநிமிர்ந்தது. ஆயினும் அப்பருவத்திலும் கோப்பை கன்சாஸ் சிட்டிக்கே வந்தது. அதற்கு முந்தைய தகுதி ஆட்டத்தில், பால்டிமோரில், முடிவை உறுதி செய்த 32 கெஜப் பந்தைப் பற்றியவர் அதே வால்டெஸ்-ஸ்கான்ட்லிங். ஒரு பந்தை வைத்து ஒருவரை எடைபோடுவோர் இதை நினைவில் வைக்கலாம்.

வழக்கைத் தீர்க்க எளிய நிகழ்தகவுக் கணக்கு ஒன்று போதும் என்பது என் எண்ணம். தீர்க்காவிட்டாலும் வழக்கு எங்கே இடறுகிறது என்பதை அது காட்டும். இரு அணிகளைக் கற்பனை செய்வோம். முதல் அணியின் ஐவரும் சமமானவர்; ஒவ்வொருவரும் தம் காவலரிடமிருந்து விடுபடும் வாய்ப்பு நூற்றுக்கு 30. இரண்டாம் அணியில் ஒருவருக்கு 60, மற்ற நால்வருக்கும் 20. ஐவருள் ஒருவராவது விடுபடும் வாய்ப்பு எவ்வளவு? எவரும் விடுபடாத வாய்ப்பைப் பெருக்கிக் கழித்தால், முதல் அணிக்கு 83, இரண்டாம் அணிக்கு 84. ஏறத்தாழ ஒன்றே. தனித்தலைவர் வேண்டும் என்போரும் அடர்த்தி வேண்டும் என்போரும் ஒரே விடையின் இரு முகங்களைப் பிடித்துக்கொண்டு சண்டையிடுகின்றனர்.

ஆனால் எறிவாளர் ஐவரையும் ஒருங்கே பார்ப்பதில்லை; ஒருவர் பின் ஒருவராகவே பார்க்கிறார். கிடைத்த நொடிகளில் மூவரைப் பார்க்க முடிகிறது என்று கொள்வோம். அப்போது முதல் அணியின் வாய்ப்பு 66 ஆகவும், தலைவரை முதலில் நோக்கும் இரண்டாம் அணியின் வாய்ப்பு 74 ஆகவும் பிரிகின்றன. ஒருவரை மட்டுமே பார்க்க நேரமுண்டு என்றால் 30, 60. காலம் குறையக் குறையத் தனித்தலைவரின் மதிப்பு ஏறுகிறது. கூடக் கூட, பின்வரிசையினரின் மதிப்பு ஏறுகிறது. இனிக் காயத்தைக் கணக்கில் சேர்ப்போம். ஒவ்வோர் அணியிலும் சிறந்தவர் ஒருவர் வீழ, 20 வாய்ப்புள்ள மாற்றாள் வருகிறார். ஐவரையும் பார்க்க இயலும் நிலையில் சம அணி 83இலிருந்து 81க்கு இறங்கும். தலைவரை நம்பிய அணி 84இலிருந்து 67க்கு விழும். 17 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் இது கற்பனை இடர் அன்று. 2024 செப்டம்பர் இறுதியில், முந்தைய ஆண்டு 79 பந்துகளைப் பற்றிய ரஷீ ரைஸ் தம் அணியின் மஹோம்ஸ் மீதே மோதிக் கால்மூட்டு சிதைந்து பருவத்தை இழந்தார். பட்டியலில் மேலே இருந்த ஹாலிவுட் பிரவுன் அதற்கு முன்பே தோள் காயத்தால் ஒதுங்கியிருந்தார். அக்டோபரில் அணி பந்தேற்பவர் டிஆண்ட்ரே ஹாப்கின்ஸைத் தேடிச் சென்று வாங்கியது.

இக்கணக்கில் ஒரு பொய் உண்டு. ஐவரின் வாய்ப்புகள் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டே பெருக்கினோம். களத்தில் அப்படி இல்லை. இல்லாதபடி ஆக்குவதே பயிற்சியாளரின் கலை. ஒரே பக்கத்தில் ஒருவரை ஆழமாகவும் ஒருவரைக் குறுகலாகவும் ஓடவிட்டால், நடுவில் நிற்கும் காவலர் எவரை மறித்தாலும் மற்றவர் விடுபடுவார். இங்கே விடுபட்டவரைப் படைத்தது அவரது கால் அல்ல, தோழரின் ஓட்டத்தடம். இக்கலையைப் போற்றும் பள்ளியின் வேர் 1970இன் சின்சினாட்டி பெங்கால்ஸில் உள்ளது. அணியின் வலுக்கையர் காயப்பட, நெடுந்தொலைவு எறிய இயலாத வெர்ஜில் கார்ட்டர் களமிறங்கினார். துணைப் பயிற்சியாளர் பில் வால்ஷ் அவருக்கெனக் குறும்பந்துகளை வகுத்தார். எறிவாளர் பின்வைக்கும் அடிகளின் எண்ணிக்கையும் பந்தேற்பவர் திரும்பும் இடமும் ஒரே தாளத்தில் அமைந்தன. அந்தக் கார்ட்டரே மறு ஆண்டு, பேராசிரியர் ராபர்ட் மேக்கோலுடன் சேர்ந்து, களத்தின் எந்த இடத்தில் பந்து இருந்தால் எத்தனை புள்ளியை எதிர்பார்க்கலாம் என்று கணித்து ஆய்விதழில் கட்டுரை எழுதியவர். கை மெலிந்த எறிவாளர் ஒருவர் இத்துறைக்கு இரு வழியில் தந்தையானார் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. வால்ஷிடமிருந்து மைக் ஹோம்கிரனுக்கும், அவரிடமிருந்து இன்றைய சீஃப்ஸ் பயிற்சியாளர் ஆண்டி ரீடுக்கும் அப்பாடம் இறங்கியது.

ரீட் அதைப் பயன்படுத்திய விதத்தை 2023 பிப்ரவரி 12இன் சூப்பர் பவுல் இறுதியாட்டத்தில் உலகம் கண்டது. நான்காம் காற்பகுதியில், எல்லைக்கோட்டுக்குச் சில கெஜம் முன்னே, கடேரியஸ் டோனி பந்து கிளம்பும் முன் உள்நோக்கி நகர்ந்தார். எதிரே இருந்த ஈகிள்ஸ் காவலர்கள், அவர் மறுபக்கம் கடப்பார் எனக் கருதி, பொறுப்பை ஒருவர்க்கொருவர் கைமாற்றினர். அந்தக் கணமே அவர் வந்த வழியே திரும்பி ஓடினார். அருகில் எவரும் இல்லை, பந்தோடு எல்லைக்கோட்டைக் கடந்து டச் டவுன். சற்று நேரத்தில் இன்னொரு பக்கம், ஸ்கை மூர் என்னும் முதலாண்டு வீரர், அதே நடை, அதே வெற்றிடம், மற்றொரு டச் டவுன். 38-35 எனக் கோப்பை வந்தது. இருவரும் அப்பருவத்தில் ‘இவர்களால் என்ன பயன்’ என்று ஏசப்பட்டவர்கள். அவ்விரு முயற்சியிலும் விடுபடும் வாய்ப்பு ஹில்லுக்கு இருந்திருக்கக்கூடியதைவிடக் குறைவாக இருந்ததா? நூற்றுக்கு நூறு என்பதற்கு மேல் எண் இல்லை.

தனித்தலைவரால் அணிக்கே கேடு நேரும் வழியும் ஒன்றுண்டு. 1968இல் டீட்ரிக் பிரேஸ் என்னும் செருமானியக் கணிதர், சாலை வலையில் புதிய குறுக்குவழி ஒன்றைச் சேர்த்தால் எல்லாருடைய பயண நேரமும் கூடக்கூடும் என்று காட்டினார். ஒவ்வொருவரும் அச்சிறந்த வழியையே நாடுவதால் அது நெரிந்துபோகிறது. 2010இல் இயற்பியலாளர் பிரையன் ஸ்கின்னர் இதைக் கூடைப்பந்துக்குப் பொருத்திக் காட்டினார்: சிறந்த ஆட்டக்காரரிடமே பந்து மீண்டும் மீண்டும் போனால் அவரது அடுத்த முயற்சியின் பயன் குறைகிறது, அவர் இல்லாதபோது அணி மேம்படுவதும் நிகழலாம். கால்பந்துக்கும் இது பொருந்தும் என்று கருதுகிறேன். ஆர்வலர் பேசுவது சராசரியை. பயிற்சியாளர் எண்ண வேண்டியது அடுத்து எறியும் ஒரு பந்தை. 2021இன் தொடக்கத்தில் எதிரணிகள் கடைக்காவலர் இருவரையும் ஆழத்திலேயே நிறுத்தி ஹில்லின் பாதையை அடைத்தபோது, ஏழு ஆட்டங்களில் சீஃப்ஸ் நான்கில் தோற்றது.

ஹில் மயாமியில் மங்கிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2023இல் 1,799 கெஜம் ஈட்டிக் கூட்டமைப்பில் முதலிடம் பெற்றார். 2024 சனவரி 13 அன்று, பனி உறைந்த ஆரோஹெட்டுக்கு எதிரணி வீரராகத் திரும்பினார். வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 20 பாகை செல்சியசு. மயாமியின் ஒரே டச் டவுனை 53 கெஜப் பந்தால் அவரே அடித்தார். அணி 7-26 எனத் தோற்றது. அன்று அவருக்கு எதிராக நின்றோருள் ட்ரென்ட் மெக்டஃபியும் ஒருவர். ஹில்லுக்கு ஈடாகப் பெற்ற வாய்ப்புகள் இரண்டைச் சேர்த்துக் கொடுத்து, 2022இல் 21ஆவது இடத்துக்கு ஏறித் தேர்ந்தெடுத்த காவலர் அவர். புள்ளி 371 ஆகச் சரிந்த ஆண்டிலும் கோப்பை வந்ததற்கு அத்தகைய தற்காப்பே காரணம். தாக்குதலில் விட்ட பொருளை வேறிடத்தில் எடுத்த கணக்கு, பந்தேற்பவர் பட்டியலை மட்டும் பார்ப்போர் கண்ணில் படாது.

நொடிகளை வாங்கித் தருவோர் யார் என்ற கேள்விக்கு வருவோம். எறிவாளரின் முன் ஐவர் அரணாக நிற்கின்றனர். அவர்கள் பெயரை ஆர்வலருள் பலர் தோற்ற பின்னரே அறிகின்றனர். 2021 பிப்ரவரி சூப்பர் பவுலில் ஹில்லும் கெல்சியும் நலமாக இருந்தனர். அரணின் இரு ஓரங்களையும் காப்போர் காயத்தால் இல்லை. தாம்பா பேயிடம் 9-31 எனத் தோல்வி, ஒரு டச் டவுன்கூட இன்றி. 2025 பிப்ரவரி 9 அன்று நியூ ஆர்லியன்ஸில் அதே பாடம் மீண்டும் வந்தது. ஈகிள்ஸ் கூடுதல் ஆளை ஒருமுறைகூட அனுப்பாமல், வழக்கமான நால்வரைக் கொண்டே மஹோம்ஸை ஆறு முறை வீழ்த்தியது. எஞ்சிய எழுவரும் பந்தேற்போரைக் காக்கப் பின்னே நின்றனர். இடைவேளையில் 0-24. 36.6 மீட்டரை 4.21 நொடியில் ஓடி முந்தைய ஆண்டின் தேர்வோட்டத்தில் புதிய எல்லை கண்ட சீஃப்ஸ் பந்தேற்பவர் சேவியர் வொர்த்தி அன்று 157 கெஜமும் இரு டச் டவுனும் ஈட்டினார். அவற்றில் பெரும்பகுதி, ஆட்டம் கைவிட்டுப் போனபின் வந்தது. பந்தேற்பவரின் தனிக்கணக்கு மட்டும் பார்த்தால் அது சிறந்த நாள், முடிவு 22-40.

அணியின் நிருவாகம் இதை எப்படிப் படித்தது என்பதை அவ்வாண்டு ஏப்ரலில் நடந்த வீரர் தேர்வு காட்டியது. 31ஆவது இடத்தில் இருந்த சீஃப்ஸ், அவ்விடத்தைத் தம்மை வென்ற ஈகிள்ஸுக்கே விற்று ஓரிடம் இறங்கி, முதற்சுற்றின் இறுதித் தேர்வாக ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜாஷ் சிம்மன்ஸை எடுத்தது. அவர் அரணின் ஓரம் காப்பவர். பந்தேற்பவர் ஒருவர் பெயர் வர நான்காம் சுற்று வரை காத்திருக்க நேர்ந்தது.