பஞ்சமி நிலம்: மனை வாங்கும் முன் நாம் கேட்க வேண்டிய கேள்வி

வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த பணம் நம் குடும்பங்களில் பெரும்பாலும் மனையாகத்தான் மாறுகிறது. ஒரகடம், திருப்பெரும்புதூர் தொழிற்சாலைகள் வந்த பிறகு வாலாஜாபாத், தென்னேரி, உத்திரமேரூர் பக்கமும் நம்மவர்கள் இடம் பார்க்கிறார்கள். புரோக்கர் பட்டாவைக் காட்டுவார், பத்திரமும் பதிவாகிவிடும். ஆனால் அது பஞ்சமி நிலமாக இருந்தால் இவை எதுவும் நம்மைக் காப்பாற்றாது.

இன்றைய காஞ்சிபுரம் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அங்கே கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர், 1891இல் பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். தலைமுறைகளாக வயலில் உழைத்தவர்களுக்குச் சொந்தமாக ஒரு காணி கிடையாது. தரிசு நிலம் கேட்டு மனுப் போட்டாலும், முன்னுரிமை தங்களுக்கே என்று மிராசுதார்கள் தடுத்துவிடுவார்கள். அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் அரசாணை வந்தது. மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் இப்படி ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது.

நிபந்தனை இதுதான்: முதல் 10 ஆண்டுகள் யாருக்கும் விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் கிரயம் செல்லாது. அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்; நஷ்டஈடும் கிடையாது. சென்னை உயர் நீதிமன்றமும் இந்த நிபந்தனையை உறுதி செய்திருக்கிறது.

ஆணை இருந்தும் நிலம் நிலைக்கவில்லை. கடனுக்கும் மிரட்டலுக்கும் கைமாறிப் போனது. அதை மீட்கக் கேட்டு 1994இல் செங்கல்பட்டு மாவட்டம் காரணையில் நடந்த போராட்டத்தை ஒட்டி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தனர்.

வக்ஃப் சொத்தை யாரும் விற்கவோ வாங்கவோ முடியாது என்பதில் நாம் உறுதியாக நிற்கிறோம். ஆக்கிரமித்தவர் பட்டாவைக் காட்டினால் ஏற்கிறோமா? அப்படியிருக்க, இன்னொரு சமுதாயத்துக்கென ஒதுக்கிய நிலத்தில் மட்டும் பட்டா போதும் என்று எப்படிச் சொல்வது? ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுப்பவருக்கான எச்சரிக்கை நபிமொழியில் இருப்பதை நாம் அறிவோம்.

வில்லங்கச் சான்று மட்டும் போதாது. 30 ஆண்டுகளுக்கு வில்லங்கம் பார்த்தால், அதற்கும் முந்தைய ஒப்படைப்பு அதில் தெரியாது. தாலுகா அலுவலகத்தில் அந்த சர்வே எண்ணுக்குரிய ஏ பதிவேட்டையும் பழைய செட்டில்மென்ட் பதிவேட்டையும் பார்க்க வேண்டும். தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். இதையெல்லாம் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.

தெரியாமல் ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் நல்ல வழக்கறிஞரிடம் ஆவணங்களைக் காட்டட்டும். விஷயத்தை மறைத்து இன்னொருவர் தலையில் கட்டிவிடலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். குறையை மறைத்து விற்பதை மார்க்கம் தடுத்திருக்கிறது.