இடுப்பு மூட்டு மாற்றிய பின்னும் கழனி வேலை

புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர், 1823-ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆட்சியில் ஒரு மருத்துவப் பள்ளியாகத் தோன்றி, 1964-இல் இன்றைய பெயரைப் பெற்ற நிறுவனம். பாகூர், நெட்டப்பாக்கம், திருக்கனூர்ப் பகுதிகளிலிருந்தும் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களிலிருந்தும் விவசாயிகள் இங்கு வைத்தியத்துக்கு வருகின்றனர். இடுப்பு மூட்டு கெட்டு, வரப்பில் நாலடி நடக்க முடியாமல் வருவோரும் அவர்களில் உண்டு. "மூட்டை மாற்ற வேண்டும்" என்று டாக்டர் சொன்னதும் அவர்கள் மனத்தில் எழும் முதல் கேள்வி, "அப்புறம் கழனியில் இறங்கலாமா?" என்பதே. இதற்கு விடை தெரியாமல், அறுவைக்கு முன்பே கறவை மாட்டை விற்று, நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடுவோர் உண்டு. அப்படி அவசரப்படத் தேவையில்லை. நடந்தும் நின்றும் செய்யும் வேலைகளில் பெரும்பாலானவற்றை மீண்டும் செய்யலாம். குந்தியும் சுமந்தும் செய்யும் வேலைகளைத்தான் மாற்றி அமைக்க வேண்டும்.

மூட்டு ஏன் கெடுகிறது?

தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பில் உள்ள கிண்ணம் போன்ற குழிக்குள் சுழல்வதே இடுப்பு மூட்டு. வயோதிகத்தால் தேயலாம், கீழே விழுந்து கழுத்துப் பகுதி முறியலாம். நடுவயது ஆண்களுக்கு வேறொரு காரணமும் உண்டு. உருண்டைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைப்பட்டு அது செத்துப் போய் நொறுங்குவது. அளவு மீறிய குடியும், ஸ்டீராய்டு மருந்துகளை நீண்ட நாள் உட்கொள்வதும் இதற்கு முக்கியக் காரணங்கள். சாராயக் கடைக்குக் குறைவில்லாத புதுச்சேரியில் இதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை.

கெட்ட உருண்டையை எடுத்துவிட்டு உலோகத்தாலோ பீங்கானாலோ ஆன உருண்டையையும், பிளாஸ்டிக் கிண்ணத்தையும் பொருத்துகின்றனர். இம்முறையை 1962-இல் இங்கிலாந்தின் லங்காஷயரில் வெற்றிபெறச் செய்தவர் டாக்டர் ஜான் சார்ன்லி. முதலில் அவர் பயன்படுத்திய டெஃப்லான் கிண்ணம் சில ஆண்டுகளிலேயே தேய்ந்து போயிற்று. பிறகு கைகொடுத்தது, அவ்வூர் நெசவு மில்களில் தறியின் பற்சக்கரங்களுக்குப் பயன்பட்ட பாலிஎதிலீன். மில்களால் பெயர்பெற்ற புதுச்சேரிக்காரர்களுக்கு இது வியப்பாக இராது.

நாள் குறிப்பதிலும் பட்டம் உண்டு

எலும்பு முறிந்தால் உடனே அறுவை செய்தாக வேண்டும். தேய்மானத்துக்குச் செய்வதானால் பெரும்பாலும் நாள் பார்த்துச் செய்துகொள்ளலாம். சம்பா அறுவடை முடிந்த தை, மாசி மாதங்கள் இதற்கு ஏற்றவை. சொர்ணவாரிப் பட்டத்தை வீட்டாரிடமோ ஆட்களிடமோ ஒப்படைத்துவிட்டால், ஆடியில் அடுத்த சம்பா வேலை தொடங்குவதற்குள் ஐந்து மாதம் கிடைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வரப்பு வழுக்கும்போது கைத்தடியுடன் நடை பழகுவது ஆபத்து. செலவைப் பொறுத்தவரை, ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த அறுவை அடங்கியுள்ளது. 2024 முதல் 70 வயதைக் கடந்தோர் வருமான வரம்பின்றி அத்திட்டத்தில் சேரலாம்.

முதல் மூன்று மாதம்

அறுவை நடந்த அன்றோ மறுநாளோ வாக்கர் பிடித்து நடக்க வைத்துவிடுவர். பயந்து படுத்தே கிடப்பதுதான் கெடுதல். தொடைச் சதை வற்றும். காலில் இரத்தம் உறையும். பாதத்தை மேலும் கீழும் அசைத்தல், தொடையை இறுக்கி விடுதல், சுவரைப் பிடித்து நின்று காலைப் பக்கவாட்டில் தூக்கி இறக்குதல் ஆகிய பயிற்சிகளைச் சொல்லிக்கொடுத்தபடி நாள்தோறும் செய்தல் வேண்டும்.

மூட்டைச் சுற்றியுள்ள சதையும் தசைநாரும் ஆறும் வரை, உருண்டை கிண்ணத்தை விட்டு நழுவக்கூடும். எனவே இக்காலத்தில் குந்தக் கூடாது. சம்மணம் போட்டு உட்காருவதும், கால்மேல் கால் போடுவதும், குனிந்து தரையில் கிடப்பதை எடுப்பதும் ஆகா. முழங்கால், இடுப்பை விட உயரமாகப் போகக் கூடாது என்று நினைவில் வைத்தால் போதும். எந்தப் பக்கம் கீறி மூட்டைப் பொருத்தினர் என்பதைப் பொறுத்து இவ்விதிகள் சற்று மாறும். அறுவை செய்த டாக்டரின் சொல்லே முடிவானது. மூன்று மாதத்துக்குப் பின்னும் குந்துவதை அறவே விட்டுவிடுவது நலம்.

வீட்டில் கவனிக்க வேண்டியது கயிற்றுக் கட்டில். அது தொய்ந்து இடுப்பைப் பள்ளத்தில் இறக்கிவிடும். அதன்மேல் பலகை போட வேண்டும். குந்தும் கக்கூசின்மேல் வைக்கத்தக்க, நடுவில் துளையுள்ள நாற்காலி மருந்துப் பொருள் கடைகளில் கிடைக்கிறது. கிணற்றடியிலும் குளியலறையிலும் பாசியைத் தேய்த்துக் கழுவிவிட வேண்டும். பெண்கள் குந்தியபடி கோலம் போடுவதையும் அரிவாள்மணையில் அரிவதையும் நிறுத்திவிட்டு, அடுப்படி வேலையை மேடைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். கலியாணப் பந்தியில் தரையில் உட்காரச் சொன்னால், நாற்காலி கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கைத்தடி எந்தக் கையில்?

நோவுள்ள கால் பக்கமே தடியை ஊன்றுவது பலரும் செய்யும் தவறு. எதிர்க் கையில்தான் பிடிக்க வேண்டும். வலது இடுப்பு மாற்றியிருந்தால் தடி இடது கையில். உடலின் எடை தராசுத் தட்டைப் போல ஒரு பக்கம் இழுக்கும்போது, எதிர்ப்பக்கம் ஊன்றிய தடி அதைத் தாங்கி மூட்டின் பளுவைக் குறைக்கும். வாளியோ பையோ எடுத்துச் செல்வதானால் கணக்கு தலைகீழ்; அறுவை செய்த பக்கத்துக் கையிலேயே பிடிப்பது நல்லது. இரண்டு கைக்கும் பகிர்வது அதனினும் நல்லது.

சாதாரணமாக நடக்கும்போதே உடல் எடையைப் போல் சுமார் இரண்டரை மடங்குப் பளு இடுப்பு மூட்டில் விழுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 150 கிலோ. அவர் தலையில் 40 கிலோ மூட்டையையும் ஏற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். மூட்டையும் உரக்கூடையும் இனி கைவண்டியில்தான் போக வேண்டும். 16 லிட்டர் கைத்தெளிப்பானும் மருந்து நிரப்பினால் 20 கிலோவைத் தொடும். அந்த வேலையை வேறொருவரிடம் விடுவதே முறை.

வேலைகளை மாற்றும் விதம்

நஞ்சைச் சேறு பொல்லாதது. புதைந்த காலைப் பிடுங்கும்போது இடுப்பு முறுக்கிக்கொள்ளும். முதல் பட்டத்திலாவது நடவையும் கோனோவீடர் தள்ளுவதையும் ஆட்களிடம் விட வேண்டும். பிறகும் டாக்டரைக் கேட்டே சேற்றில் இறங்க வேண்டும். தண்ணீர் பார்ப்பது நல்ல நடைப்பயிற்சி. ஆனால் ஓரடி வரப்பில் அது இயலாது. முக்கிய வரப்பை இரண்டடி அகலமாக்கிக்கொள்ளலாம்.

தோட்டக்காலில் கைக்களைக்கொத்துக்குப் பதில் நீளக் கைப்பிடியுள்ள சக்கரக் களைக்கருவியை நின்றபடியே தள்ளலாம். இடுப்பளவு மேடையில் குழித்தட்டு வைத்துக் கத்தரி, மிளகாய் நாற்று வளர்ப்பது குனியாமல் செய்யத்தக்க, காசு தரும் வேலை. ஏக்கர் முழுவதும் அன்றாடம் ஆள் கேட்கும் பயிராக இல்லாமல், ஒரு பகுதியில் நமது கடலோர மணலுக்கு ஏற்ற சவுக்கைப் போடுவது பற்றியும் யோசிக்கலாம். குரும்பாபேட்டில் உள்ள பெருந்தலைவர் காமராஜர் கிருஷி விஞ்ஞான கேந்திரத்தில் இவை பற்றி ஆலோசனை கேட்கலாம்.

கறவை மாட்டை விற்க வேண்டாம். குந்திக் கறப்பதை மட்டும் விட வேண்டும். முதல் மூன்று மாதம் வேறொருவர் கறக்கட்டும். அதன்பின் மாடு நிற்கும் இடத்தைச் சரிவுப் பாதையுடன் ஒன்றரை அடி உயர்த்தி, உயரமான முக்காலியில் உட்கார்ந்து கறக்கலாம். உதைக்கும் மாடானால் கிட்டே போகவே கூடாது. சாணம் அள்ள நீளக் கைப்பிடி மண்வெட்டி போதும். காலைத் தூக்கிப் போட்டு ஏறும் ஆண்கள் சைக்கிளை விட, நடுவில் கம்பியில்லாத பெண்கள் சைக்கிள் இவர்களுக்கு ஏற்றது. அதுவும் டாக்டர் அனுமதித்த பிறகே.

உடனே மருத்துவமனைக்கு

கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும், திடீரென மூச்சுத் திணறினாலும், தழும்பில் சீழோ காய்ச்சலோ கண்டாலும் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. கால் சட்டெனக் குட்டையாகித் திரும்பிக்கொண்டு தாங்க முடியாத வலி வந்தால் மூட்டு நழுவியிருக்கலாம். கட்டுப் போடுபவரிடம் காட்டி இழுக்க விடுவது பெருந்தவறு. காலில் முள் குத்திய புண், நகச்சுத்து, சொத்தைப் பல் ஆகியவற்றிலிருந்து கிருமி இரத்தத்தில் கலந்து செயற்கை மூட்டைப் பற்றலாம். ஆகவே செருப்பில்லாமல் கழனிக்குப் போவதையும், புண்ணுக்கு மண்ணையோ சாணத்தையோ அப்புவதையும் விட வேண்டும். பல் பிடுங்கப் போனால், மூட்டு மாற்றியதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

வெளிநாட்டுப் பதிவேடுகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான கணக்கின்படி, பொருத்திய மூட்டுகளில் 10-க்கு 9, பதினைந்து ஆண்டு தாங்குகின்றன. ஏறத்தாழ 6, இருபத்தைந்து ஆண்டும் தாங்குகின்றன. உள்ளே கிண்ணம் தேய்வதும் மூட்டு தளர்வதும் வலி வருமுன்னரே எக்ஸ்ரேயில் தெரியக்கூடும். வலியில்லை என்று இருந்துவிடாமல், டாக்டர் குறித்துக் கொடுத்த தவணையில், பழைய படங்களையும் அறுவைச் சீட்டையும் கையோடு எடுத்துச் சென்று காட்டிவர வேண்டும்.