பழைய பட்டுக்கு விலை உண்டு... பழைய புத்தகத்துக்கு?

காஞ்சிபுரத்துக் கடைத்தெருவில் நடந்தால், 'பழைய பட்டுப்புடவை வாங்கப்படும்' என்ற பலகை எப்படியும் கண்ணில் படும். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. அந்தக் காலத்து ஜரிகையில் வெள்ளி இருக்கிறதே! போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்க பீரோவைக் காலி செய்தபோது, பாட்டியின் இரண்டு புடவைகளுக்கு நல்ல காசு கிடைத்தது.

அடுத்து பரண். அப்பாவின் புத்தகங்கள் நான்கு சாக்கு இறங்கின. "பேப்பர்காரரை திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கேன்டா. கிலோ கணக்குல போட்டுடலாம்" என்றார் அம்மா. நானும் தலையாட்டிவிட்டு, சித்தப்பா பெண் கல்யாணத்துக்காக கொல்கத்தாவுக்கு ரயிலேறினேன்.

சித்தப்பா இருப்பது லேக் மார்க்கெட் பக்கம். நம் ஊர்க்காரர்கள் பல தலைமுறையாக வாழும் பகுதி. ஃபில்டர் காபிப் பொடியிலிருந்து வாழை இலை வரை கிடைக்கும். கல்யாணம் முடிந்த மறுநாள், "சும்மாதானே உட்கார்ந்திருக்க, காலேஜ் ஸ்ட்ரீட் போய்ட்டு வா. உங்க அப்பா இங்க வந்தா முதல்ல அங்கதான் போவான்" என்றார் சித்தப்பா.

தெரு முழுக்கப் புத்தகம்

காளிகாட்டில் மெட்ரோ ஏறி, மகாத்மா காந்தி ரோடு ஸ்டேஷனில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் காலேஜ் ஸ்ட்ரீட். 1817-ல் இந்து கல்லூரியாகத் தொடங்கிய பிரசிடென்சி, 1857-ல் பிறந்த கல்கத்தா பல்கலைக்கழகம் எல்லாம் இந்தத் தெருவில்தான். படிக்க வந்த பிள்ளைகளை நம்பி முளைத்த பழைய புத்தகக் கடைகள், இன்று நடைபாதையின் இரண்டு பக்கமும் தகரமும் மரப்பலகையுமாக நிற்கின்றன. வங்காளிகள் 'போய் பாரா' என்கிறார்கள். புத்தகப் பேட்டை என்று வைத்துக்கொள்ளலாம்.

கடைக்குள் நுழைந்து புரட்டிப் பார்க்க இடமில்லை. கடையே ஓர் அலமாரி அகலம்தான். என்ன வேண்டும் என்று கேட்பார்கள். பெயர் சொன்னால், அடுக்கின் நடுவிலிருந்து மற்றவை சரியாமல் உருவிக் கொடுப்பார்கள். தன்னிடம் இல்லையென்றால் நாலு கடை தள்ளி ஆள் அனுப்பி வாங்கித் தருவார்கள். பேரம் உண்டு. நான் ஒரு பழைய ஆங்கில அகராதிக்குப் பாதி விலை கேட்டேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே கொஞ்சம்தான் இறங்கி வந்தார்.

இந்தத் தெருவுக்கும் சோதனை வந்திருக்கிறது. 2020 மே 20-ம் தேதி ஆம்பன் புயல் அடித்த இரவில், வெள்ளம் கடைகளுக்குள் புகுந்தது. ஊரடங்கால் ஏற்கெனவே வியாபாரம் படுத்திருந்த நேரம். தெருத் தண்ணீரில் புத்தகங்கள் மிதந்த படங்களை நம்மில் பலர் செல்போனில் பார்த்திருப்போம். தண்ணீர் வடிந்ததும் கடைக்காரர்கள் திரும்பி வந்து கடையைத் திறந்தார்கள்.

மனு போட்டுக் காப்பாற்றிய காபி

அகராதியோடு பிரசிடென்சிக்கு எதிரே உள்ள காபி ஹவுஸ் படிகளில் ஏறினேன். கீழே புத்தகக் கடைகள், மேலே காபி. உயரமான கூரை, சுழலும் மின்விசிறிகள், சுவரில் பெரிய தாகூர் படம், சுற்றிலும் மாடம். விசிறி வைத்த தலைப்பாகையோடு பரிமாறுகிறார்கள். பால் இல்லாத காபிக்கு இங்கே 'இன்ஃப்யூஷன்' என்று பெயர். நம் டிகாக்‌ஷன் நாக்குக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால், ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்புவதில்லை.

இது காபிக்காகக் கட்டிய இடமல்ல. 1876-ல் ஆல்பர்ட் ஹால் என்ற பெயரில் கூட்டங்கள் நடத்தத் தொடங்கிய மண்டபம். காங்கிரஸ் பிறப்பதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1883-ல் சுரேந்திரநாத் பானர்ஜி கூட்டிய இந்திய தேசிய மாநாடு நடந்ததும் இங்கேதான். 1942-ல் காபி போர்டு இதைக் காபிக் கடையாக மாற்றியது. சத்யஜித் ரே முதல் அமர்த்தியா சென் வரை வந்து போன இடமானது.

1958-ல் இதை மூடிவிட முடிவு செய்தார்கள். பக்கத்துக் கல்லூரிப் பேராசிரியர்கள் கூடி அரசுக்கு மனு அனுப்ப, அதே ஆண்டு மறுபடி திறந்தது. ஒரு காபிக் கடைக்காகப் பேராசிரியர்கள் மனு போட்டிருக்கிறார்கள்!

நாம் இழந்த சந்தை

காபி ஆறிக்கொண்டிருந்தபோது சென்னையின் மூர் மார்க்கெட் நினைவுக்கு வந்தது. 1900-ல் திறந்த சிவப்புக் கட்டடம். அப்பா காஞ்சிபுரத்திலிருந்து ரயிலேறிப் போய்ப் பழைய புத்தகம் வாங்கியது அங்கேதான். 1985 மே 30-ல் அது தீயில் அழிந்தது. இப்போது அந்த இடத்தில் இருப்பது சென்ட்ரல் புறநகர் ரயில் நிலையம். பெயர் மட்டும் 'மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ்' என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடைக்காரர்களில் பலர் பக்கத்து அல்லிக்குளம் கட்டடத்துக்குப் போனார்கள். பழைய கூட்டம் திரும்பவில்லை.

அப்பாவின் சாக்குகளில் இருப்பதில் பாதி, அந்தச் சந்தையிலிருந்து வந்தவை. முதல் பக்கத்தில் வாங்கிய தேதியையும் இடத்தையும் எழுதுவது அவர் வழக்கம். 'மூர் மார்க்கெட்' என்ற எழுத்தைத்தான் நான் கிலோ கணக்கில் போடச் சம்மதித்திருந்தேன். அங்கிருந்தே போன் போட்டேன்.

"அம்மா, பேப்பர்காரர் வந்தா நாலு சாக்கையும் கொடுக்காத. நான் வந்து பார்க்கறேன்."

"ஏன்டா, திடீர்னு?"

"புடவையை எடை போட்டது போதும்மா."

ஊர் திரும்பிப் பிரித்தபோது ஒரு சாக்கு செல்லரித்துப் போயிருந்தது. மூன்று தப்பித்தன. இரட்டைப் பிரதிகளையும் எங்களுக்குப் பயன்படாத பாடப் புத்தகங்களையும் தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன். பழைய புத்தகக் கடையில் கொடுத்தால், தேடுகிறவர் கைக்குப் போகும். மீதிக்கு ஒரு அலமாரி வாங்கினோம். வாராவாரம் தொடர்கதையைக் கிழித்து அப்பா பைண்டு செய்து வைத்திருந்த ஒரு தொகுப்பை, அம்மா மதியத் தூக்கத்தை விட்டுவிட்டுப் படித்துக்கொண்டிருக்கிறார்.

கொல்கத்தா போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான புத்தகக் கடைகள் மூடியிருக்கும். வேறு நாளில் போங்கள். கையில் காலிப் பை இருக்கட்டும்.