வரலாறும் புனைகதையும்: நூல் தெரிந்து வாசித்தல்

நூல் நிலையத்தை நாடி வருவோரை ஊன்றி நோக்கின் அவர் பெரும்பாலும் இருசாராராய்ப் பிரிந்து நிற்றலைக் காணலாம். ஒருசாரார் நாவலும் சிறுகதையும் அடுக்கப்பெற்ற தட்டுக்களையன்றிப் பிறவற்றை ஏறெடுத்தும் பாரார். மற்றையோர் வரலாறு, வாழ்க்கைச் சரிதம், கல்வெட்டாராய்ச்சி என்பனவே கற்றோர் படித்தற்குரியன என்றும், கதை வாசித்தல் பொழுதைக் கழித்தற்கன்றிப் பிறிதொன்றற்கும் உதவாதென்றும் கருதுவர். பாடப்புத்தகத்தினுள் நாவலை மறைத்து வைத்து வாசித்து அகப்பட்டுக் கொள்ளாதார் நம்முள் சிலரே எனினும், பெரியவர்களான பின்னர் நாமும் அவ்வாறே கூறத் தலைப்படுகின்றோம். இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் இகழினும் இருவர்க்கும் நேரும் மயக்கம் ஒரு தன்மையதே. கதையை மட்டும் வாசிப்பவன் அதனையே நடந்ததாகக் கொள்ளுகின்றான். வரலாற்றை மட்டும் வாசிப்பவன் அதில் எழுதப்பெறாதது நடக்கவேயில்லை எனக் கொள்ளுகின்றான். ஒரே காலத்தையோ ஒரே இடத்தையோ பற்றிய இருவகை நூல்களையும் அருகருகே வைத்து வாசித்தல் இம்மயக்கத்தைத் தீர்க்கவல்லது. அது தீர்க்கும் வகையினைச் சில நூல்களைக் கொண்டு விளக்குதலே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருளாகும்.

யான் மாணவனாயிருந்த காலத்தில் ஒருமுறை வரலாற்றுப் பரீட்சையில் சோழப் பேரரசின் எழுச்சி பற்றி வினா வந்திருந்தது. ஆதித்த கரிகாலன் கொலையுண்டமைக்கு நந்தினி என்பாளின் வஞ்சமே காரணம் என இரண்டு பக்கம் விரித்தெழுதினேன். விடைத்தாள் திரும்பி வந்தபொழுது அவ்விரண்டு பக்கத்திற்கும் குறுக்கே கோடு இழுக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் 'சான்று?' என்ற ஒரு சொல் மட்டுமே காணப்பட்டது. அன்று மாலை ஆசிரியரிடம் சென்று முறையிட்டேன். அவர் சினந்தாரல்லர். தி. வை. சதாசிவ பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் சரித்திரம்' என்னும் நூலை எடுத்துத் தந்து, 'இதிலே நந்தினியைக் கண்டு பிடியும் தம்பி. புள்ளியைத் தாறன்' என்றார். நந்தினியை யான் அந்நூலிற் காணவில்லை. அவளைத் தேடியபொழுது வேறு பல கண்டேன்.

ஆதித்த கரிகாலன் கொலை பற்றி இன்று நமக்குள்ள தலையாய சான்று, காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயிற் சுவரிற் பொறிக்கப்பெற்ற ஒரு கல்வெட்டேயாகும். அது முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக்குரியது. கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் எனச் சோமன், பஞ்சவன் பிரமாதிராசன் எனப்பட்ட இரவிதாசன், இருமுடிச்சோழப் பிரமாதிராசன் எனப்பட்ட பரமேசுவரன் முதலியோரின் பெயரை அது தருகின்றது. அவர்தம் உறவினரின் நிலங்களை அரசு கைப்பற்றியமையைக் கூறுகின்றது. அவ்வளவே. கொலை எங்கே நிகழ்ந்தது, எவ்வாறு நிகழ்ந்தது, எக்காரணம் பற்றி நிகழ்ந்தது என்பனவற்றுள் ஒன்றையேனும் அக்கல்வெட்டுக் கூறவில்லை. இடையில் ஆண்ட உத்தம சோழன் காலத்திற் குற்றவாளிகள் தண்டிக்கப்பட்டமைக்குச் சான்று காணப்படாமையால், அவனுக்கும் அக்கொலையிற் பங்கிருக்கலாம் என ஐயுற்றார் கே. ஏ. நீலகண்ட சாத்திரியார். பண்டாரத்தாரோ அதனை மறுத்தார். இருவரும் ஒரே கல்லையே வாசித்தனர் என்பதை மாணவர் உளங்கொள்ளல் வேண்டும். சான்று ஒன்றாயினும் அதிலிருந்து உய்த்துணரப்படுவது வேறுபடும்.

கல்வெட்டு வாய்மூடிய அவ்விடத்திலேதான் கல்கி தம் கதையைத் தொடங்குகின்றார். 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக வெளிவந்த 'பொன்னியின் செல்வ'னில், கல்வெட்டிற் பெயரளவில் நின்ற இரவிதாசன் கோட்டானைப்போற் குரல் கொடுத்து இருளில் நடமாடும் மனிதனாகின்றான். வந்தியத்தேவன் கதைக்காகப் படைக்கப்பட்டவனல்லன். குந்தவையின் கணவனாக அவன் பெயர் தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டில் உண்டு. ஆயினும் அவன் நகைச்சுவையும் அவசரப் புத்தியும் கல்கியார் கொடுத்தவையே. நந்தினியும் பூங்குழலியும் ஆழ்வார்க்கடியானும் முழுதும் கற்பனையின் மக்கள். கொலைக்குக் காரணம் கற்பித்தல் வரலாற்றாசிரியனுக்குக் குற்றம். நாவலாசிரியனுக்கோ அதுவே தொழில். அங்ஙனமாகவும் கொன்றவன் கை இன்னாருடையது என்று ஐயத்திற்கிடமின்றிக் கூறாமல் கல்கியும் விட்டமை நோக்கத்தக்கது. சான்று நின்றுவிட்ட எல்லையை அவர் அறிந்திருந்தார். அறியாதிருந்தவன் பரீட்சை எழுதிய யானே.

இக்காலத்தைப் பற்றி வாசிக்கும் நம் நாட்டு மாணவன் மூன்றாவதாகவும் ஒரு நூலைக் கையில் எடுத்தல் நன்று. சுந்தர சோழனின் ஒன்பதாம் ஆட்சியாண்டில் கொடும்பாளூர்ச் சிற்றரசனான பராந்தகன் சிறியவேளான் ஈழத்துப் போர்க்களத்தில் வீழ்ந்தான் எனத் தமிழ்நாட்டுக் கல்வெட்டுக் கூறுகின்றது. நாவலில் வானதி தந்தையை இழந்தவளாய் வருவது இதனை அடியொற்றியே. சூளவம்சத்தைப் புரட்டின் அதே போர் மறுகரையிலிருந்து காணப்படுகின்றது. வல்லவ மன்னன் நாகதீபத்திற்குப் படையனுப்பினான் என்றும், நான்காம் மகிந்தனின் சேனாதிபதி அப்படையை வென்றான் என்றும் அந்நூல் கூறும். வல்லவன் என்றது சோழனையே என்பது ஆராய்ச்சியாளர் பலர் கருத்து. நாகதீபம் என்பது நாம் வாழும் இக்குடாநாட்டையே குறிக்கும் என்பர். நாவலில் நாம் சோழப் படையோடு கடல் கடந்து வருகின்றோம். சூளவம்சத்திலோ அப்படை வந்திறங்கிய கரையில் நிற்கின்றோம். பின்னர் 993 ஆம் ஆண்டளவில் இராசராசனின் படை அநுராதபுரத்தை அழித்ததும், பொலன்னறுவை சனநாதமங்கலம் எனப் பெயர் பெற்றதும், 1017 இல் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டதும் நாவல் முடிந்த பின்னர் நிகழ்ந்தவை. அவற்றை வாசியாதவன் பொன்னியின் செல்வனைப் பாதியே அறிந்தவனாவான் என்பது என் துணிபு.

ஒரே மனிதன் வரலாற்றுச் சான்றாகும் ஏட்டையும் புனைகதையையும் தானே எழுதி வைத்துச் செல்லுதல் அரிது. அவ்வரிய பேறு இலங்கைக்கு வாய்த்துள்ளது. 1904 ஆம் ஆண்டு இலங்கைக் குடியியற் சேவையிற் சேர்ந்த லெனாட் வூல்ஃப் முதலில் யாழ்ப்பாணத்திலும் பின்னர்க் கண்டியிலும் பணிபுரிந்து, 1908 இல் அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபரானார். அக்காலத்து அதிபர்களும் உதவி அதிபர்களும் தம் அலுவல்களை நாட்குறிப்பாக எழுதி மேலிடத்துக்கு அனுப்புதல் கட்டாயமாயிருந்தது. வூல்ஃப் எழுதிய நாட்குறிப்பில் உப்பு விளைவையும் அதனை ஏற்றிச் செல்லும் வண்டிகளையும், சேனைப் பயிர்ச்செய்கைக்கு அனுமதி வழங்குவதையும் மறுப்பதையும், கால்நடைகளை வாரிக்கொண்டு போன வெக்கை நோயையும் அதனைத் தடுக்கத் தாம் எடுத்த கடுமையான நடவடிக்கைகளையும் காண்கின்றோம். செம்மையாகத் தொழில் செய்யும் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் குரல் அது. 1911 இல் விடுமுறையிற் சென்றவர் பதவியைத் துறந்தார். 1913 இல் 'காட்டில் ஒரு கிராமம்' எனப் பொருள்படும் ஆங்கில நாவலை வெளியிட்டார்.

நாவலில் அதிகாரி ஓரத்திலேதான் நிற்கின்றார். நடுவில் நிற்பவன் சிலிண்டு என்னும் வேட்டைக்காரன். சேனை அனுமதி கிராமத் தலைமைக்காரனின் கையில் இருக்கின்றது. கடன் வியாபாரியின் கையில் இருக்கின்றது. சிலிண்டுவின் மகள் புஞ்சி மெனிக்கா மீது வியாபாரியின் கண் விழுகின்றது. அவள் கணவன் பாபுன்மீது பொய்யான களவு வழக்குத் தொடுக்கப்படுகின்றது. நீதிமன்றத்தில் நடப்பது சிலிண்டுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீதிபதி நேர்மையானவர், வழக்கிலே பொய் உண்டென ஐயுறவுங் கூடியவர், ஆயினும் முன்வைக்கப்பட்ட சாட்சியத்தின்படி தண்டனை விதிக்கின்றார். பாபுன் சிறையிலேயே இறக்கின்றான். சிலிண்டு துப்பாக்கியை எடுக்கின்றான். இறுதியிற் காடு கிராமத்தை மூடிவிடுகின்றது.

நாட்குறிப்பில் 'அனுமதி மறுக்கப்பட்டது' என ஒரு வரியில் முடியும் செய்தி, அனுமதி மறுக்கப்பட்டவனின் வீட்டில் எத்தனை பசியாகவும் கடனாகவும் பெருகியது என்பதை நாவல் காட்டுகின்றது. நாவலை மட்டும் வாசிப்பவனோ வேறொன்றை இழக்கின்றான். அவ்வதிகாரி தீயவனல்லன், கடமையிற் சோராதவன், அச்சட்டங்களை நன்மை பயக்கும் என நம்பியே நடத்தியவன் என்பது நாட்குறிப்பினாலேயே நன்கு புலனாகும். நல்ல மனிதன் நேர்மையாக நடத்திய ஆட்சியே அக்கிராமத்தின் அழிவுக்குத் துணைபோயிற்று என்னும் உண்மை இரண்டையும் சேர்த்து வாசித்தபொழுதுதான் என் நெஞ்சில் உறைத்தது. நாட்குறிப்புக்கள் 1960களின் தொடக்கத்தில் அச்சேறின. 1961 இல் வெளியான அவருடைய தன்வரலாற்று நூலிலும் இலங்கை வாழ்வு விரிவாகப் பேசப்படுகின்றது. நாவலை முன்னும் நாட்குறிப்பைப் பின்னும் வாசித்தலே தக்கது. மாற்றி வாசித்தால் நாவலில் அதிகாரியையே தேடிக்கொண்டிருப்போம்.

வரலாற்று நூலையே உறுதியான பிரமாணமாகக் கொள்வார்க்கும் ஒன்று கூறவேண்டும். வரலாற்று நூலும் மூப்படையும். யாழ்ப்பாண வரலாறு பற்றி 1926 இல் முதலியார் இராசநாயகம் எழுதிய ஆங்கில நூலையும், 1928 இல் சுவாமி ஞானப்பிரகாசர் எழுதிய 'யாழ்ப்பாண வைபவ விமரிச'னத்தையும் ஒப்பிடின் சமகாலத்து அறிஞர் இருவர் ஒரே மரபுச் செய்திகளைக் கொண்டு எவ்வளவு வேறுபட்டனர் என்பது தெரியும். பேராசிரியர் கா. இந்திரபாலா 1965 இல் இலண்டன் பல்கலைக்கழகத்திற்குச் சமர்ப்பித்த ஆய்வில் தமிழர் குடியேற்றம் பற்றிக் கொண்ட முடிபுகளை, நாற்பது ஆண்டுகளின் பின் 2005 இல் வெளியிட்ட நூலில் தாமே திருத்திக் கொண்டார். புதிய தொல்லியற் சான்றுகள் கிடைத்தமையும், கேட்கவேண்டிய வினாவே மாறியமையும் அதற்குக் காரணங்களாம். ஆதலின் வரலாற்று நூலைத் தெரிபவர் அது வெளிவந்த ஆண்டை முதலிற் பார்த்தல் வேண்டும். ஒரு பொருள் பற்றி இரு தலைமுறைக்குரிய இரு நூல்களை எடுத்தல் அதனினும் நன்று. அட்டையின் பளபளப்பையும் கனத்தையும் நோக்கி நூல் தெரிவார் பலர். அவர் வீட்டு அலுமாரிகள் அழகாயிருக்கும்.

வரலாற்று நாவலே வரலாற்றுக்குத் துணையாவது என்று கொள்ளற்க. தன் காலத்தையே எழுதிய நாவல் சில ஆண்டுகளில் வரலாற்றுச் சான்றாகிவிடும். 1964 இல் வெளிவந்த கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை'யை வாசித்தவன், 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினால் மலைநாட்டுத் தொழிலாளர் நாடற்றவராயினர் என்னும் வரலாற்று வாக்கியத்தைக் கண்டதும் அவ்வாறானவர்களின் முகங்களையும் காண்பான். கே. டானியலின் 'பஞ்சமர்' 1972 இல் வெளிவந்தது. ஆலயப் பிரவேசப் போராட்டங்களைப் பற்றி நம் பாடநூல்கள் சுருக்கமாகவே பேசும். நம் ஊர்களிற் கிணற்றங்கரையிலும் தேநீர்க் கடையிலும் கோயில் வாசலிலும் நடந்தவற்றை அந்நாவலை விடுத்து எங்கே தேடுவது? அதனை வாசிக்கச் சிலர்க்கு மனம் கூசும். கூசுவோர் முதலில் வாசிக்கவேண்டிய நூல் அதுவே. பிறநாட்டு நூலுள் ஒன்று கூறின் தோல்ஸ்தோயின் 'போரும் அமைதியும்' போதும். 1812 இல் நெப்போலியன் உருசியாவின்மீது படையெடுத்தபொழுது தோல்ஸ்தோய் பிறந்திருக்கவில்லை. நூல்களையும் கடிதங்களையும் துருவி ஆராய்ந்து எழுதியதோடமையாது, கதையை இடையில் நிறுத்தி வரலாற்றாசிரியர்களோடு வாதாடவும் செய்கின்றார். அப்பகுதிகளைத் தள்ளிவிட்டு வாசிப்பவர் உளர். யானும் முதன்முறை அவ்வாறே செய்தேன்.

ஒரு தவணையில் ஐந்தாறு நூல் வாசிக்கக்கூடிய மாணவன் அவற்றைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டுவதில்லை. ஒரு நாவல் மனத்தைப் பற்றிக்கொண்டதாயின் அதன் காலத்தைப் பற்றிய வரலாறு ஒன்றையும், அக்காலத்தவரே எழுதிய நாட்குறிப்போ கடிதமோ கல்வெட்டுத் தொகுதியோ ஒன்றையும் தொடர்ந்து எடுப்பானாக. எஞ்சியவை எவ்விதத் தொடர்புமற்றனவாய், விரும்பியவாறு அமையலாம். தொடர்பற்ற நூல்தான் அடுத்த தவணையின் தேட்டத்தைத் தொடக்கி வைப்பது. நூல் கிடைப்பதில்லை என்னும் முறைப்பாடு முன்னர் நியாயமானதே. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபொழுது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. எனினும் 2005 இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களையும் பழைய சஞ்சிகைகளையும் ஆயிரக்கணக்கில் இன்று வீட்டிலிருந்தே வாசிக்கலாம்.

எங்கே தொடங்குவது என வினவும் மாணவர்க்கு யான் கூறுவது நம் நாட்டவர் ஒருவர் எழுதிய நூலையே. திருகோணமலை தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1895 இல் வெளியிட்ட 'மோகனாங்கி' தமிழில் எழுந்த முதல் வரலாற்று நாவல் எனப் போற்றப்படுவது. நாயக்கர் காலத்தைக் களமாகக் கொண்டது. சொக்கநாத நாயக்கரைத் தலைவராக உடையது. சத்தியநாதையர் மதுரை நாயக்கர் வரலாற்றை எழுதி வெளியிட்டது 1924 இல். அஃதாவது, விரிவான ஆராய்ச்சி வரலாறு தோன்றுதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டு முன்னரே திருகோணமலைக்காரர் ஒருவர் கிடைத்த ஆதாரங்களைக் கொண்டு அக்காலத்தைக் கதையாக்க முயன்றிருக்கின்றார். சொக்கநாதர் தஞ்சை இளவரசியை மணக்கக் கேட்டதும், தஞ்சை விசயராகவ நாயக்கர் மறுத்ததும், 1673 இல் தஞ்சை வீழ்ந்ததும் வரலாற்றில் உள்ளவை. நாவலை முடித்துவிட்டு அவ்வரலாற்றின் 1673 ஆம் ஆண்டுப் பகுதியை எடுத்து வாசிப்பவர், ஆசிரியர் எவ்விடத்தில் வரலாற்றைத் தொடர்ந்தார், எவ்விடத்தில் அதனை விட்டு விலகினார் என்பதைத் தாமே குறித்துக்கொள்ளலாம். கையில் ஒரு பென்சில் இருந்தாற் போதும்.