சுவருக்குள் சர்க்கரை

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டில் நுங்கு வெட்டிக் கொடுத்த பெரியவர், ஒரு காயை மட்டும் ஓரமாகத் தள்ளினார். "இது முத்திருச்சு தம்பி, பல்லு போயிரும்!"

இளசில் வழுவழு, முற்றினால் கல். ஏன்?

அந்தக் காலத்துப் பெரிய வீடுகளில் சுவருக்குள் பணத்தைப் புதைப்பார்களாமே, பனையும் அந்த ரகம். வரப்போகிற வடலிக்கு வேண்டிய சர்க்கரையை விதையின் செல் சுவரிலேயே கட்டி வைக்கிறது. மானோஸ் என்ற சர்க்கரை அங்கே சங்கிலியாகக் கோத்திருக்கும். இளசில் அதிலிருந்து காலக்டோஸ் கிளை கிளையாக நீட்டிக்கொண்டிருக்கும். (ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவில் இருக்கிற பால் சர்க்கரையிலும் பாதி இதுதான்!) கிளைகள் இடிப்பதால் சங்கிலிகள் நெருங்க முடியாது, நடுவில் தண்ணீர் ஜம்மென்று உட்கார்ந்துகொள்ளும். முற்ற முற்றக் கிளைகள் குறையும், சங்கிலிகள் ஒட்டி அடுக்கிக்கொள்ளும், தண்ணீர் அவுட்! காபிக் கொட்டையின் கடினமும் மானோஸ் சங்கிலி உபயம்தான். தென் அமெரிக்காவில் ஒரு பனைக் கொட்டையில் சட்டைப் பித்தானே கடைகிறார்கள்.

அந்தக் கல்லை மண்ணில் புதைத்தால், முளை விட்டதும் உள்ளே பஞ்சு மாதிரி தவுன் வளரும். நொதிகள் சுவரைக் கரைக்க, தவுன் உறிஞ்சிக் கீழே அனுப்ப, பனங்கிழங்கு பருக்கும். பொங்கலுக்கு நாம் அவித்துத் தின்பது கரைந்த சுவர்!

பி.காம். கண்ணுக்கு, நுங்கு வெட்டுவது டெபாசிட்டைப் பாதியில் உடைக்கிற கேஸ். வெட்டிய நுங்கு முளைக்காது. பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசு அறிவித்தது. நுங்குக்கு அந்தத் தொல்லை இல்லை. கொட்டை போட்டுக் காய் பார்க்கப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும். அதுவும் பெண் பனையாக அமைந்தால்!